புளி போட்டு விளக்கிய வெயில் மெஷின்

ராசிங்காபுரம் தோட்டத்தில் வெயிலை வைத்துத் தண்ணீர் இறைத்தோம் என்றால் என் மருமகளே சிரிக்கிறாள். சிரிக்கட்டும், பார்த்தவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம். கரண்ட் எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. மிளகாய் நாற்று வாடிக்கொண்டிருந்த சமயம், காலேஜ் இன்ஜினீயர் ஒருவர் சோதனைக்காக எங்கள் கிணற்றில் ஒரு மெஷினை வைத்தார். கண்ணாடியாகப் பளபளக்கும் வளைந்த அலுமினியத் தகடுகள் வெயிலை ஒரு கருப்புக் குழாயில் குவிக்கும். உள்ளே தண்ணீர் கொதித்து, அந்த ஆவி பம்பை ஓட்டும்.

"மேலதிகாரிங்க வர்ற அன்னிக்கு வயல் முழுக்கப் பாஞ்சிட்டா, மெஷின் உங்களுக்கே" என்றார்.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்தால் முதலில் மலைப்பக்கம் மேகம் இருக்கிறதா என்று பார்ப்பார், அப்புறம்தான் என்னை. பொறாமையாகக்கூட இருந்தது.

அதிகாரிகள் வருவதற்கு முன் ஆயுத பூஜை வந்தது. நான் குத்துவிளக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த புளியையும் செங்கல் பொடியையும் வழித்துக்கொண்டு இவர் கிளம்பினார்.

"எங்க கெளம்பிட்டீக?"

"சாமி கும்பிடுற நாள்ல அது மட்டும் அழுக்கா நிக்கலாமா? வெரசா வந்துர்றேன்."

சாயங்காலம் பூவும் சந்தனமுமாகத் தகடுகள் வெள்ளை வெளேரென்று நின்றன. குனிந்து பார்த்தேன், என் முகம் தெரியவில்லை.

அதிகாரிகள் வந்த அன்று நல்ல வெயில். ஆனாலும் ஆவி கட்டவில்லை. பம்பு விக்கி விக்கி நின்றது. தண்ணீர் முதல் பாத்தியைக்கூடத் தாண்டவில்லை. இன்ஜினீயர் தகட்டைத் தடவினார். முழுக்கக் கீறல்.

"என்னத்தப் போட்டுத் தேச்சீங்க?"

"புளியும் செங்கப்பொடியும் சார். சுத்தமாத்தான் தேச்சேன்" என்றார் இவர்.

லாரி வந்து மெஷினை ஏற்றியது. "அண்ணே, ஒரே ஒரு தகடு விட்டுட்டுப் போங்க" என்று லோடு ஏற்றியவர்களிடம் கெஞ்சி வாங்கினார். குடம் குடமாகச் சுமந்து ஊற்றியும் மிளகாய் பாதிதான் பிழைத்தது.

அந்தத் தகட்டைக் கிணற்றடி வேம்பில் மாட்டி, அதைப் பார்த்துத்தான் சவரம் செய்வார். "மூஞ்சியே தெரியாத கண்ணாடியில என்ன சவரம்?" என்று கத்துவேன். "மப்பா இருக்குடி, வெயில் வரட்டும்" என்பார்.

அவரும் போய்ச் சேர்ந்தார். தகடு அங்கேதான் தொங்குகிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்குமுன் அதைத் துடைப்பேன். புளியெல்லாம் கிடையாது. வெறும் தண்ணீர் தொட்டு, முந்தானையால், மெதுவாக.