கிராம சபையில் அக்கா சொன்ன நோயின் பெயர்

இந்த நினைவு மலரின் அச்சுப்படி முதலில் வந்தபோது, அக்காவின் கடைசிக் காலத்தைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "சில காலம் உடல்நலம் குன்றியிருந்து இறைவனடி சேர்ந்தார்." அக்காவின் கணவர், எங்கள் மாமா, சொல்லி எழுத வைத்த வரி. இப்படிப்பட்ட மலர்களில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் அக்காவின் மகன் தினகரன் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் செவிலிமேட்டில் உள்ள என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"சித்தி, அம்மா ஊரே கேக்க மைக்குல சொன்னாங்க. நாம புக்குல மறைச்சா நல்லாவா இருக்கும்? நீங்க எழுதுங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

மாமா ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் "எழுதட்டும்" என்று மட்டும் சொன்னாராம். அந்தச் சம்மதத்தோடு எழுதுகிறேன். அக்கா இறந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால்.

அக்கா பிறந்தது திருப்புட்குழியில். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இரண்டு பெண்கள் மட்டுமே. அப்பா விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்தவர். அக்கா பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவோடு நாற்று நடவும் களை எடுக்கவும் போனார். நான் கல்லூரி வரை படித்தது அந்தக் கூலியில்தான். படிப்பு முடிந்து காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே அக்கா கடைக்கு வந்துவிட்டார். வாடிக்கையாளர் போலவே உட்கார்ந்து, இருப்பதிலேயே விலை கூடிய சேலையைக் காட்டச் சொல்லி, முந்தானை முழுவதையும் விரித்துப் பார்த்தார். பிறகு விற்பனையாளரிடம், "நல்லா இருக்குது. மடிச்சி வெச்சிடுப்பா, என் தங்கச்சி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க வந்தேன்" என்றார். விற்பனையாளர் கோபப்படாமல் சிரித்துவிட்டார். அக்காவிடம் யாருக்கும் கோபம் நீடிக்காது.

நீடித்த கோபம் ஒன்றே ஒன்று உண்டு. தென்னேரியில் வாழ்க்கைப்பட்ட வீட்டில், மாமாவின் தம்பி மனைவி வசந்தாவோடு. பாகப் பிரிவினையின்போது போர்வெல் யாருக்கு என்பதில் வந்த சண்டை. அடுத்தடுத்த வீடு, ஒரே தெருக் குழாய். இருந்தும் பல ஆண்டுகளாக இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை.

வெளியில் அக்காவின் வாய்க்கு அஞ்சாதவர்கள் குறைவு. ஊர் நிறுத்தத்தில் நிற்காமல் போன பேருந்தின் முன்னால் போய் நின்றவர். வார்டு உறுப்பினராக நின்று ஜெயித்த பிறகு ஒன்றிய அலுவலகத்தில் அக்காவைத் தெரியாதவர் இல்லை. தண்ணீர்த் தொட்டி, சாக்கடை, தெருவிளக்கு என்று எதைப் பற்றியும் யார் முன்னாலும் பேசுவார். அப்படிப்பட்டவர் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஓர் ஆண்டுக்கு மேல் இருந்தார்.

மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் ஆன பிறகு அவருக்கு மறுபடியும் உதிரம் பட்டது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். நிற்கவில்லை. மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கினார். பிறகு ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார். அங்கே படுக்க வைத்துப் பார்க்கவில்லை. ரத்தம் நிற்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சில நாள் நின்றது, மறுபடி வந்தது. இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்த செய்தி.

அதே சமயத்தில் செவிலிமேட்டில் எங்கள் தெருவுக்கு நகர சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்தார். முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் வந்து கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்களோடு நானும் நடந்தே போனேன். சில நிமிட வேலை. ஒன்றும் இல்லை என்றார்கள். அங்கிருந்து நேரே கடைக்கு வேலைக்குப் போய்விட்டேன். அன்று அக்காவிடம் போனில் சொன்னேன்.

"எங்க ஊருக்கு யாரு வராங்க பாப்பா? இருந்த நர்சம்மா மாத்தல் ஆயி போனதோட சரி. ஆரம்ப சுகாதார நிலையத்துல காலையில பாக்கறாங்களாம். எங்க பஸ் அங்க போயி சேரசொல்ல அவங்க மூட்டை கட்டிடறாங்க" என்றார். என்னை அவர் கடைசி வரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார். உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்த நிலையில்தான் அதைச் சொல்லியிருக்கிறார்.

பங்குனியில் ஒரு நாள், ஒன்றிய அலுவலகத்துக்கு மனுவோடு கிளம்பியவர் பேருந்து நிறுத்தத்திலேயே மயங்கி விழுந்தார். தினகரன் ஷேர் ஆட்டோவில் போட்டுக் காஞ்சிபுரம் கொண்டுவந்தான். நான் கடையிலிருந்து ஓடினேன். சேலையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பரிசோதித்த டாக்டரம்மா திரையை விலக்கிக் கேட்டார்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாதாம்மா."

"கொஞ்ச நாள்னா?"

அக்கா என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "போன வருஷம் பொங்கல்லருந்து."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா மட்டும் ரசம் சோற்றைப் பிசைந்து உருட்டி உருட்டித் தின்றார். "வந்தா வரட்டும், வெறும் வயித்தோட போயி நிக்க முடியாது" என்றார்.

முடிவைச் சொன்ன நாளில், நோய் பக்கத்துச் சதைக்கும் பரவியிருக்கிறது, அறுவை செய்ய முடியாது, கதிர்வீச்சுத்தான் என்றார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. "எனக்குப் பாத்து ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. எங்க அக்காவுக்கு மட்டும் ஏன் இவ்ளோ முத்திப்போச்சு?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"நோய் டவுன்லயும் வருதும்மா, கிராமத்துலயும் வருது. ஆனா டவுன்ல இருக்கறவங்களுக்கு ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிடறோம். சின்ன சிகிச்சையில முடிஞ்சிடுது. கிராமத்துலருந்து வர்றவங்க இப்படித் தாங்க முடியாத நிலைமையிலதான் வராங்க. அதனாலதான் அங்க சாவு அதிகமா இருக்குது. அவங்க ஊரு எவ்ளோ தூரம்? ஒரு பஸ் தூரம்தானே?"

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் கறுத்துவிட்டது. "பொம்பளைங்க சமாச்சாரம். வெளிய சொல்ல வேணாம். கேட்டா வயித்துல கட்டின்னு சொல்லுங்க" என்றார். அவர் கெட்டவர் அல்லர். மனைவியை நாலு பேர் ஒரு மாதிரி பேசிவிடுவார்களோ என்ற பயம். அன்று முதல் ஊரில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி.

கதிர்வீச்சுக்காக அக்கா என் வீட்டில் வந்து தங்கினார். இடையில் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வைகாசியில் பெருமாள் கோயில் கருட சேவைத் திருவிழா அன்று காஞ்சிபுரத்துக்குள் பேருந்து வரவில்லை. எந்தத் தெருவைப் பார்த்தாலும் ஜனம். ஆட்டோக்காரர் பாதி வழியில் கையை விரித்துவிட்டார். வெயிலில் அக்காவுக்குக் கால் பின்னியது. வாந்தி எடுத்தார். மருத்துவமனையில் நேரம் முடிந்துவிடும் என்று தினகரனுக்குப் போன் செய்தேன். தினகரன் எங்கெங்கோ சுற்றி பைக்கில் வந்து சேர்ந்தான். அக்காவை நடுவில் உட்கார வைத்து, பின்னால் நான் அணைத்துப் பிடித்துக்கொள்ள, சந்து சந்தாகப் போனோம். மெஷினை நிறுத்தப் போன நேரத்தில் உள்ளே நுழைந்தோம். அங்கிருந்த பணியாளர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் அக்காவைப் படுக்க வைத்தார்.

சிகிச்சை முடிந்து, புரட்டாசி வாக்கில் அக்கா தேறினார். முகத்தில் சதை பிடித்தது. ஊருக்குத் திரும்பியவர் காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு என்னையும் வரச் சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை.

பஞ்சாயத்து அலுவலகத்தின் முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். வரவு செலவு வாசித்து முடித்ததும் அக்கா எழுந்து மைக்கை வாங்கினார்.

"தெருவிளக்கு பத்தி அப்புறம் பேசறேன். எனக்கு வயித்துல கட்டின்னு சொன்னது பொய்யி. எனக்கு வந்தது கர்ப்பப்பை வாயில புத்துநோய். ரத்தம் போயிக்கினே இருந்துச்சி. ஒரு வருஷத்துக்கு மேல யாருகிட்டயும் சொல்லல. இதோ உக்காந்துக்கினு இருக்குதே, என் தங்கச்சி, செவிலிமேட்டுல இருக்குது. அதுக்குத் தெருவுக்கே வந்து கூட்டிக்கினு போயி பாத்தாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே தாய் வயித்துல பொறந்தவங்க. அதுக்கும் எனக்கும் இருக்கற வித்தியாசம் ஒரு பஸ் தூரம். நம்மள கூப்பிட ஆளு வரட்டும்னு இருந்தா செத்துடுவோம். மாசத்துக்கு ஒரு வண்டி வேணும். நம்ம ஊரு பொம்பளைங்க எல்லாம் போயி பாத்துக்கினு வரணும். தீர்மானம் எழுதுங்க."

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். முன்வரிசையிலிருந்து ஒருவர், "பொம்பளைங்க பேச்ச இங்க ஏம்மா பேசற" என்று முணுமுணுத்தார்.

"பின்ன எங்கப்பா பேசறது? சொல்லு, அங்க போயி பேசறேன்" என்றார் அக்கா. அக்கா உட்காரவில்லை. ஊராட்சிச் செயலர் பேனாவை எடுத்து எழுதி முடிக்கும் வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அன்றிலிருந்து பல நாள் மாமா அக்காவோடு பேசவில்லை.

ஐப்பசியில் வண்டி வந்தது. கூடவே போகலாம் என்று முதல் நாளே நானும் தென்னேரிக்குப் போயிருந்தேன். கூட்டம் கூட்டமாக வருவார்கள் என்று நினைத்தோம். கோயில் பக்கத்தில் வேன் நின்றது, டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார், யாரும் வரவில்லை. பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஏறினால் தனக்கும் ஏதோ இருக்கிறது என்று ஊர் பேசுமே என்ற தயக்கம். அக்காவின் முகம் வாடிவிட்டது. "கிளம்பட்டுமா?" என்று டிரைவர் கேட்டார். அப்போது வசந்தா தன் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, தோளில் ஒரு பையோடு நடந்து வந்தார். அக்காவைப் பார்க்கவில்லை. ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். சண்டைக்காரியே போகிறாள் என்றதும் ஒவ்வொருவராக வந்தார்கள். வேன் நிறைந்தது.

மருத்துவமனையில் ஒவ்வொருவராக உள்ளே போய், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். வசந்தா வந்தபோது சிரிக்கவில்லை. அவரை மட்டும் இருக்கச் சொல்லியிருந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். அக்கா எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பயமா இருக்குதுக்கா" என்றார் வசந்தா.

"இருக்கத்தான் செய்யும். நான் எங்கயும் போவல. இங்கியேதான் இருக்கறேன்."

வசந்தாவுக்கு இருந்தது ஆரம்ப நிலை. ஓர் அறுவைச் சிகிச்சையோடு முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அக்கா. அடுத்த மாதம் வேன் வந்து நின்றபோது, டிரைவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தவர் மாமா. அதை அக்கா என்னிடம் போனில் இரண்டு முறை சொன்னார்.

தை மாதம் அக்காவின் ஒரு கால் வீங்கத் தொடங்கியது. நோய் திரும்பிவிட்டது, சிறுநீர்ப் பாதையை அடைத்துவிட்டது என்றார்கள். இனி வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அக்கா அமைதியாக ஏற்றுக்கொண்டார் என்று எழுத எனக்கு ஆசை. அது உண்மையல்ல. "எனக்கு சாவப் பிடிக்கல பாப்பா. இன்னும் எவ்ளோ வேலை இருக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. கையை விடாமல் இருந்தேன்.

கடைசி வாரங்களில் அவரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, தலை வாரிவிட்டவர் வசந்தா. மாமா கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டார். பங்குனி பிறந்த வாரத்தில், ஒரு காலை வேளையில், நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போது அக்காவின் மூச்சு நின்றது. மாமா அவர் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான்.

முதலாம் ஆண்டு நினைவு நாளில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். உண்மையை நேராகச் சொன்ன டாக்டரம்மாவுக்கும், கருட சேவை அன்று மெஷினை நிறுத்தாமல் சிகிச்சை கொடுத்த பணியாளருக்கும், வலி தணிய வீடு தேடி வந்து ஊசி போட்ட நர்ஸுகளுக்கும், பலர் முகம் சுளித்தபோதும் தீர்மானத்தை எழுதிய ஊராட்சிச் செயலருக்கும், வேன் டிரைவருக்கும், ஈமக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வசந்தாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். அதனால் விட்டுவிடுகிறேன்.

இந்த மலர் திருப்புட்குழிக்கும், தென்னேரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும், இன்னும் தள்ளி உள்ள உறவுக்காரர் வீடுகளுக்கும் போகிறது. அங்கெல்லாம் இதைப் படிக்கிற அக்காமார்களே, தங்கைகளே, உங்களில் யாருக்காவது யாரிடமும் சொல்லாத ஒரு தொந்தரவு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எதுவானாலும் ஒரு முறை போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னேரியில் மாதம் ஒரு முறை வேன் இன்னும் வந்து நிற்கிறது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதல் நாளே சொல்லி அனுப்புங்கள். வசந்தா உங்கள் வாசலுக்கே வந்து கூப்பிடுவார்.