களத்தில் விழுந்த நான்சென்ஸ்

என் கொழுந்தனாரின் மனைவி எங்கள் வீட்டில் வந்து நின்றது ஒரு மாசி மாதம், அறுத்த நெற்கதிரைக் களத்தில் பரப்பி எருமை விட்டுச் சூடு மிதிக்கிற காலம். கொழுந்தனாருக்குக் கொழும்பில் கிளாக்கர் உத்தியோகம். அவள் யாழ்ப்பாணத்தில் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் குளத்துக்குக் கீழே வயல்காணி கிடைத்துக் குடியேறிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்களைக் கண்டால் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அவள் வாயில் எந்த நேரமும் சில இங்கிலீசுச் சொற்கள் கிடந்தன. மழை மப்பாக இருந்தால் டல். எங்கள் கடைத்தெருவும் டல். பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டுப் போனால் ரபிஷ். நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால் நான்சென்ஸ். பின்னேரத்தில் கதிரையில் சாய்ந்து, "சரியான போரிங், அக்கா, உங்களுக்கு அலுக்கேல்லையோ?" என்று கேட்பாள். எனக்கு அலுக்க நேரம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன்.

அவளுடைய அந்தச் சொற்களுக்கெல்லாம் எங்களிடமும் சொல் இருந்தது. சப்பென்று இருக்கிறது என்போம், குப்பை என்போம், விசர்க்கதை என்போம். ஆனால் நான் இவரைப் பார்த்து "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று சொன்னால் அது வாய்க்கொழுப்பு. அவள் "நான்சென்ஸ், அத்தான்" என்றால் அது செல்லம். இவர் சிரிப்பார். கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னோடு மாட்டையும் மழையையும் தவிர வேறெதுவும் பெரிதாகக் கதைக்காத மனிசன், அவள் வந்த பிறகு சாப்பிட்டுக் கை கழுவியும் எழும்பாமல் இருந்து கதைத்தார். ஒருநாள் நான் வைத்த சொதியை வாயில் விட்டுவிட்டு, "கொஞ்சம் டல்லாக்கிடக்கு" என்றார். அவள் கைதட்டிச் சிரித்தாள். நான் உப்புச் சிரட்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அடுத்த நாள் கிணற்றடியில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து நானும் நான்சென்ஸ் என்று சொல்லிப் பார்த்தேன். சொல் சரியாகத்தான் வந்தது. அதைச் சொல்வதற்குத்தான் எனக்கு ஆள் இல்லை.

எங்கள் களத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அது வன்னியில் பழங்காலத்து ஊர்க்காரர் வைத்திருந்த வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள் அவர்களிடம் பழகிக்கொண்டோம். எருமைகள் சூட்டில் சுற்றி நடக்கத் தொடங்கினால் களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை, போதும், முடிந்தது, இந்தச் சொற்கள் அங்கே வரவே கூடாது. காதில் விழுந்தால் பூதம் வந்து விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பார்கள். பெண்கள் களத்துக்குள் இறங்குவதில்லை. வரம்பில் நின்று சோற்றைக் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

நான் குடிவந்த முதல் வருடம் அது தெரியாமல் வரம்பில் நின்று, "முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டேன். களத்தை நடத்துகிற கிழவர் எருமைகளை மறித்துவிட்டார். இவர் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "உமக்கு அறிவில்லையோ? வாயைப் பொத்திக்கொண்டு வீட்டை போம்" என்றார். போனேன். அன்றிலிருந்து சோற்றுப் பெட்டியை வைத்துவிட்டு ஊமை மாதிரித் திரும்பி வருவேன்.

அந்த மாசியில் அவளும் என்னோடு களத்துக்கு வந்தாள். வழியில் இந்தக் கட்டுப்பாடு முழுவதையும் அவளுக்குச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். வரம்பில் ஏறியதும் அவள் எல்லாருக்கும் கேட்க, "இதென்ன நான்சென்ஸ், அத்தான்?" என்றாள்.

எருமைகள் நின்றன. கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு, பிள்ளை என்ன சொன்னது என்று இவரைக் கேட்டார். நான் சோற்றுப் பெட்டியை இறக்கவில்லை. அவளுக்காகப் பயந்து அல்ல. எனக்குக் கிடைத்தது அவளுக்கும் இப்போது கிடைக்கப்போகிறது என்று காத்து நின்றேன்.

இவர் வியர்வையைத் துடைத்தார். "பொலி நிறைஞ்சு கிடக்கு எண்டு சொல்லுது, அப்பு. இங்கிலீசில அப்பிடித்தான் சொல்லுறது" என்றார்.

கிழவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நல்ல வாய் என்று அவளைப் புகழ்ந்தார். எருமைகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு "பொலி, பொலி, நான்சென்ஸ்" என்று பாடவே தொடங்கிவிட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். இவரும் குனிந்து வைக்கோலை உதறியபடி சிரித்தார். வரம்பில் சிரிக்காமல் நின்றது நான் ஒருத்திதான்.

அவள் கொழும்புக்கு ரெயில் ஏறிய பிறகு, சோறு போடும்போது இவரிடம் சொன்னேன்.

"எனக்கும் ஒருக்கா அப்பிடி ஒரு பொய் சொல்லியிருக்கலாம்."

இவர் நிமிர்ந்து பார்த்தார். எதைச் சொல்கிறேன் என்று கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த வருடமும் சூடு மிதித்தார்கள். கிழவர் அந்தச் சொல்லை விடவில்லை. நான் சோற்றுப் பெட்டியோடு வரும்போதே "நான்சென்ஸ், நான்சென்ஸ்" என்று பாட்டுக் கேட்டது. அவள் போயும் அவள் வாய் எங்கள் களத்தில் நிற்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியை இறக்கினேன். எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது, இவரைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன்.

"முடிஞ்சுதோ?"

பாட்டு நின்றது. கிழவர் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டை போம் என்று சொல்லப்போகிறார் என்று பெட்டியைத் திரும்பவும் தூக்கினேன்.

"அதுவும் இங்கிலீசுதான், அப்பு," என்றார் இவர். "இவவும் இப்ப பழகிட்டா."

கிழவர் நம்பவில்லை. ஆனாலும் பொக்கை வாயால் சிரித்துவிட்டு எருமைகளைச் சாய்த்தார். நான் வரம்பு வழியே வீட்டுக்குத் திரும்பினேன். சந்தோசம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வாய்க்கால் கடக்கும்போதே மனம் மறுபடியும் அவளிடம் போய்விட்டது. அந்தப் பொய்யை இவர் முதன்முதலில் சொன்னது அவளுக்காக. எனக்கு வந்தது அதே பொய்தான், இரண்டாந்தரம்.

இவர் செத்தும் கனகாலம் ஆகிவிட்டது. அவள் இருக்கிறாள், வெளிநாட்டில், மகளோடு. அங்கே சரியான போரிங்காம் என்று கேள்விப்பட்டேன்.