ரப்பர் அக்காவின் சிபாரிசு

திரும்பி வந்த புத்தகத்தை வாங்கியதும் முதலில் ரப்பரைத்தான் எடுப்பார். வாசகர்கள் பென்சிலால் அடிக்கோடிட்டதையெல்லாம் பக்கம் பக்கமாக அழித்து, தூளை ஊதிவிட்டுத்தான் எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்ப்பார். எங்கள் கிளை நூலகத்தில் அவருக்கு 'ரப்பர் அக்கா' என்றே பெயர்.

"அடுத்தவங்க கோடு போட்ட இடத்துலயா நாம அழணும், சிஸ்டர்?" என்பார். நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகிறது. அவருக்கு இன்னும் சிஸ்டர்தான்.

அக்காவுக்கு வயது ஐம்பது இருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை, புத்தகம் ஒட்டும் நாடாதான் தாங்குகிறது. எழுதியவரின் பெயரைப் பார்த்துச் சிபாரிசு செய்ய மாட்டார். புத்தகம் பட்ட பாட்டைப் பார்ப்பார்.

"நாவல்னா கடைசி அம்பது பக்கத்துல எண்ணெய்க் கை பட்டிருக்கணும். அடுப்புல எதையோ வெச்சுட்டு எவளோ விடாமப் படிச்சிருக்கா. சுயசரிதைல முதல் பாதிதான் நைஞ்சிருக்கும். மனுஷன் மெடல் வாங்க ஆரம்பிச்சதும் எல்லாரும் மூடி வெச்சுடுவாங்க. கவிதைன்னா, மேசைல வெச்சதும் தானாத் திறக்கணும். திறக்குற பக்கம்தான் கவிதை. மத்ததெல்லாம் துணைக்கு வந்தது."

சென்ற ஆண்டு என் கணவருக்குப் பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. வாசித்தால் புரிந்தது, வார்த்தைதான் வரவில்லை. பயிற்சி அட்டையில் 'ஆடு, இலை' என்று காட்டினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். முதல் சில மாதங்களை விட்டுவிட்டால் பேச்சை மீட்பது கடினம் என்று எனக்குத் தெரியும். நான்கு மாதம் போய்விட்டது. எத்தனையோ பேரைப் பேசவைத்தவள் நான். வீட்டு மனிதரிடம் என் ஜம்பம் சாயவில்லை. நாவல் கொண்டுபோனேன், தள்ளிவிட்டார். சுயசரிதையையும் தள்ளிவிட்டார்.

"சார் என்ன வேலை பார்த்தாரு?" என்று, நான் நூலகத்தில் புலம்பியதைக் கேட்டுவிட்டுக் கேட்டார் ரப்பர் அக்கா.

"அச்சகத்துல பிழை திருத்துறவர்."

"அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா!"

ஒல்லியான கவிதைப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். "முப்பத்திரண்டாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு. நீங்க சத்தமாப் படிங்க. தப்பைத் தப்பாவே படிக்கணும், திருத்திடாதீங்க."

எனக்கு நம்பிக்கையில்லை. இருந்தாலும் படித்தேன்: 'மலை நின்ற பிறகும் கூரை பேசிக்கொண்டிருந்தது.'

கணவர் புத்தகத்தைப் பிடுங்கினார். முகம் சிவந்துவிட்டது. "ழ" என்றார்.

"என்ன? மலைதானே?" என்றேன், வேண்டுமென்றே.

"ம... மழை!"

இடது கையால் பென்சிலை எடுத்து, 'லை'யை அடித்து, ஓரத்தில் கோணல்மாணலாக 'ழை' என்று எழுதினார். அழுவதற்கெல்லாம் நேரமில்லை. அன்றே பதினேழு முறை சொல்லவைத்தேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். நன்றியும் சொன்னேன், எனக்கு அது சட்டென்று வராத வார்த்தை.

"மலை எப்பவும் நின்னுக்கிட்டுத்தானே இருக்கும்? சாருக்குக் கோவம் வராம என்ன செய்யும்!" என்று சிரித்தபடி ரப்பரை எடுத்தார். மேசையில் வைத்ததும் புத்தகம் தானாக முப்பத்திரண்டாம் பக்கத்தில் திறந்தது. அந்தக் கோணல் 'ழை'யைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரப்பரை இழுப்பறையில் போட்டு மூடினார். பிறகு, எதையும் அழிக்காத அந்தப் பக்கத்தைப் பழக்கதோஷத்தில் ஒருமுறை ஊதினார்.