நாகஜோதியின் புள்ளிகள்

அவனியாபுரத்தில் வீடு கட்டக் கொட்டிய மணலுக்கு எதிரே ஷேர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கியவர், முழங்காலிட்டு, கன்னம் மணலில் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா, தோடு விழுந்துருச்சா?" டிரைவர் குரல் கொடுக்கிறார்.

"இல்லண்ணே. காத்து மணல்ல வரி போட்டுருக்கு. எம்புட்டு அழகா இருக்கு, வந்து பாருங்க!"

டிரைவர் வரவில்லை. பின்சீட்டில் கீரைக்கட்டை மடியில் வைத்திருந்த அம்மா மட்டும் எட்டிப் பார்க்கிறார். "நல்லாத்தான் இருக்கு. ஏறு தாயி, கீரை வாடுது."

நாகஜோதி எதையும் இப்படித் தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பார். ஹோட்டல் மேசையில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தால் இட்லியை மறந்துவிடுவார். புதிதாக மொட்டை போட்டு வந்த சித்தப்பாவின் தலையை இப்படிப் பார்த்து, வீட்டில் திட்டும் வாங்கியிருக்கிறார்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வு மாணவி. காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் விரல் நகம் அளவு சிலிக்கான் துண்டை வைத்து, அதன்மேல் ஆர்கான் அயனிகளை மழையாகப் பொழியவிடுவது அவர் வேலை. அயனி பட்ட இடத்தில் அணுக்கள் தெறிக்கும். பரப்பு குண்டும் குழியுமாகத்தானே ஆக வேண்டும்? ஆகாது. அயனிக் கற்றை சரியான சாய்வில் விழுந்தால், அந்த மணலைப் போலவே வரிவரியாக எழும். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரத்துக்கு மேல் அடுக்கலாம், அவ்வளவு நுண்ணிய வரிகள்.

"யாரும் கோடு கிழிக்கல, அச்சு வைக்கல. அதுகளா வரிசைக்கு வருதுண்ணே! மாட்டுத்தாவணியில பஸ் ஏற நாம ஒரு நா இப்படி நின்னுருப்பமா?" கேட்கிறவர்களிடமெல்லாம் இப்படிச் சொல்லிவிட்டு, தானே முதலில் சிரித்துவிடுவார்.

வரி எல்லாருக்கும் வரும். நாகஜோதியின் பெருமை புள்ளி. கற்றையை நேர் செங்குத்தாக விட்டு, தேன்கூட்டு அறைகள் போல அடுக்கடுக்காகப் புள்ளிகளை வரவைத்தார். சுத்தமான சிலிக்கானில் நேர்க்கற்றை பட்டால் வழவழவென்றுதான் இருக்கும் என்பது பாடம். குதித்துக்கொண்டே கட்டுரை அனுப்பினார். இன்னொரு முறை வரவைத்துக் காட்டுங்கள் என்று ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. வராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அதை நம்பி நிற்கும் ஆய்வேட்டின் பெரிய அத்தியாயமும் போய்விடும்.

வாரக்கணக்கில் முயன்றார். வரவில்லை.

"மொழுமொழுன்னு வருதுண்ணே, எங்க சித்தப்பா மண்டை கணக்கா." கேட்டவர்களிடம் அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சாப்பாட்டு டப்பா மட்டும் திறக்காமலே வீடு திரும்பியது.

புதிர் அவிழ்ந்தது அவர் அப்பாவின் லேத் பட்டறையில். வேலைக்கு நடுவே அப்பா முத்துப்பாண்டி சும்மா கேட்டார்: "ஏத்தா, ஒனக்கு அடிச்சுக் குடுத்தேன்ல ஒரு எவர்சில்வர் கிளிப்பு, அது இருக்கா, காயலாங்கடையில போட்டுட்டாய்ங்களா?"

"கிளிப்பு!" என்றார் நாகஜோதி. அப்புறம் அப்பாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

"விடுத்தா! சுடிதாரெல்லாம் கிரீசு!"

சிலிக்கான் துண்டைப் பிடித்துக்கொள்ள அப்பா செய்து தந்த கிளிப்பு அது. உடன் ஆய்வு செய்யும் கிரிதரனுக்கோ சுத்தம் என்றால் பைத்தியம். கையில் ஸ்பிரிட் துணி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கட்டுரை போன பிறகு ஒரு நாள், கறுத்துக் கிடந்த கிளிப்பை அவர் கழற்ற, அது ஒடிந்தது. குப்பையில் போட்டுவிட்டு சிலிக்கானிலேயே புதுப் பிடிப்பு மாட்டிவிட்டார். முன்பெல்லாம் கிளிப்பில் பட்ட அயனிகள் அதிலிருந்து இரும்பைத் தெறிக்கவிட்டு, அந்த இரும்புதான் புள்ளிகளை எழுப்பியிருக்க வேண்டும். இரும்பு கலந்தால் இப்படி ஆகும் என்று வேறு ஆய்வாளர்கள் எழுதியதை நாகஜோதி படித்தே இருக்கிறார். எவர்சில்வரில் பெரும்பங்கு இரும்புதான், தன் கிளிப்பிலும் அது உண்டு என்பதுதான் தோன்றவில்லை. அது அப்பா செய்த சாமான்; அவ்வளவுதான்.

"நீ தொடைச்சது அழுக்க இல்ல மாப்ள, என் அத்தியாயத்த!" ஆய்வகத்துக்கு ஓடிவந்து கிரிதரனிடம் சண்டைக்கு நின்றார்.

"அழுக்குல வந்த ரிசல்ட்டுக்கு இம்புட்டுச் சத்தமா?"

"புள்ளி மட்டும் வரட்டும், அழுக்குன்னே எழுதுறேன். தலைப்புலயே இரும்பு இருக்கும், பாரு!"

எல்லாப் பக்கமிருந்தும் இரும்பு சமமாக வர, முத்துப்பாண்டி இம்முறை உள்விளிம்பைச் சரித்துக் கடைந்து ஒரு எவர்சில்வர் வளையம் கொடுத்தார். அதற்கு நடுவே சிலிக்கானை வைத்துக் கற்றையை ஓட்டினார்கள். மறுநாள் மதியம் துண்டு நுண்ணோக்கிக்கு வந்தது. அதன் ஊசிமுனை பரப்பைத் தடவத் தடவ, படம் திரையில் கோடு கோடாக இறங்கியது. முதலில் ஒன்றும் புரியவில்லை. நாகஜோதி மேசையில் கன்னத்தை வைத்து, திரையைச் சாய்வாகப் பார்த்தார்.

"ஏ ஜோதி, அது மணல் இல்ல. நேரா ஒக்காரு," என்றார் கிரிதரன்.

ஒரு புள்ளி முழுசானது. பக்கத்தில் இன்னொன்று. கீழே, இரண்டுக்கும் நடுவில், சொல்லிவைத்தாற்போல் மூன்றாவது.

"விழுந்துருச்சு! மாப்ள, வரிசையா விழுந்துருச்சு!" அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி உருண்டுபோய்ச் சுவரில் மோதியது.

கிரிதரனும் கத்தினார். கத்திக்கொண்டே, பழக்கதோஷத்தில், கண்ணாடித் தட்டில் கிடந்த வளையத்தை நோக்கி ஸ்பிரிட் துணியை நீட்டினார். நாகஜோதி வளையத்தை வெடுக்கென்று எடுத்து, கையுறை போட்ட கட்டைவிரலில் மாட்டி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.