அரைப்பேர்

நாசமாய்ப் போன எதிர்காலத்தைப் பற்றிப் பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதுகிற நாவல்களைக் கண்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். எல்லாவற்றிலும் ஒரு வேலி இருக்கும். ஒரு பக்கம் பசி, மறுபக்கம் மாளிகை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி எதிர்த்து நிற்பாள், மூன்றாம் பாகத்தில் மாளிகை விழும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கொடைக்கானல் பள்ளிக்கூட விடுதியில் என்கூட இருந்த பிள்ளைகள் கம்பளிக்குள் புகுந்துகொண்டு, ஹாட் சாக்லேட் குடித்தபடி இவற்றைப் படித்து நடுங்குவார்கள். நானும் இரவல் வாங்கிப் படித்தேன். அவர்கள் நடுங்கிய இடத்திலெல்லாம் எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது.

வீடு என்றால், பெரும்பாறைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் ஒன்று. அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில் குடும்பத்தோடு கப்பலேற்றி இங்கே அனுப்பிவிட்டார்கள். அங்கத்துப் பேச்சு மட்டும் அவளை விடவில்லை. அறையை லயம் என்பாள், முதலாளியைத் தொரை என்பாள். பறித்த காப்பிப் பழம் எடை குறைந்து பாதிக் கூலி கிடைத்த நாளில், "இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

ஒரு நாள் கூலிக்குத்தான் அங்கே பேர் என்று பெயராம். எனக்கு அது தெரியாது. கணக்குப்பிள்ளை அம்மாவின் பேரில் பாதியை மட்டும் எழுதிக்கொள்கிறார் என்றே நினைத்திருந்தேன். அந்தப் பாதியை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன், வேறு யாரையோ கூப்பிடுவது மாதிரி இருக்கும். "மிச்சப் பேரை யாரும்மா எடுத்துக்கிட்டாங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தொரைதான், வேற யாரு?"

என்னை அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தவரும் அதே முதலாளிதான். எஸ்டேட் பிள்ளை ஒன்றுக்கு ஃபீஸ் கட்டுவது அவர் வழக்கம். ஒவ்வொரு வருஷமும் அவர் மனசு வைத்தால்தான் அடுத்த வகுப்பு.

பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் மிஸ் எங்களையும் அந்த மாதிரி ஒரு கதை எழுதச் சொன்னார். மற்றவர்கள் ரோபோவையும் விஷக்காற்றையும் கொண்டுவந்தார்கள். நான் ஒரு நாட்டை எழுதினேன். அங்கே குறைவாக வேலை செய்தவர்களின் பேரில் பாதியைப் பிடுங்கிக்கொள்வார்கள், அன்று முழுக்க அவர்களுக்கு அரைப்பேர்தான். ஒற்றை அறை, காலையில் தலை எண்ணுவது, மழையில் நனைந்தபடி எடைக்கு நிற்பது எல்லாம் இருந்தது. பேரைத் தவிர நான் எதையும் கற்பனை செய்யவில்லை.

"வாட் அன் இமாஜினேஷன்!" என்றார் மிஸ். அப்புறம் முகத்தைச் சுருக்கினார். "ஆனா இந்த அம்மா ஏன் எதிர்த்துப் போராடவே இல்ல? நம்புற மாதிரி இல்லையே. கடைசில அவளைத் தப்பிச்சு ஓட வை."

"ஓடி எங்க மிஸ் போவா?"

"அதை நீதானே யோசிக்கணும்."

நானும் யோசித்தேன். வேலையை விட்டால் அன்றைக்கே லயத்தையும் விட வேண்டும். ஏற்கெனவே ஒரு நாட்டிலிருந்து துரத்தப்பட்டவளை இன்னும் எங்கே துரத்துவது? முடிவை மாற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தேன். மிஸ் தலையில் அடித்துக்கொண்டு, ஆண்டு விழாவில் அதையே வாசிக்கச் சொல்லிவிட்டார்.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் எங்கள் முதலாளி என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கதையில் இருப்பது தன் எஸ்டேட் என்று அவர் கண்டுபிடித்தால் என் படிப்பு போகும், அம்மாவின் வேலையும் லயமும் போகும். அம்மாவோ ஒன்றும் தெரியாமல், வெள்ளனே கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தேன். அவர் ஒரு இடத்தில் உச்சுக்கொட்டினார். முடித்ததும் முதலில் கைதட்டியவரும் அவர்தான். மேடைக்கு வந்து என் தோளில் கை வைத்தார்.

"அரைப்பேர்! எப்படிம்மா இதெல்லாம் தோணுது? இப்படி ஒரு ஊர் இருந்தா அதுல மனுஷன் இருப்பானா?"

அதோடு, பன்னிரண்டாவது முடியும்வரை என் ஃபீஸைத் தானே கட்டுவதாக மைக்கில் அறிவித்தார். நான் பிழைத்துக்கொண்டேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும், ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. கண்டுபிடித்து நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அந்த நாவல்களில் மாளிகைக்காரனுக்குத் தான் கொடுமைக்காரன் என்றாவது தெரிந்திருக்கும். எங்கள் முதலாளி நல்ல மனிதர். என் கதைக்காக அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள். "எல்லாரும் அப்படிக் கை தட்டுனாங்களே, இங்கிலீசுல என்னத்தடி படிச்ச?"

அந்த நாடு, ஒற்றை அறை, தலை எண்ணுவது, எடை, அரைப்பேர் என்று முழுக்கதையையும் தமிழில் சொன்னேன். நான் முடித்த பிறகும் அம்மா இன்னும் இருக்கிறது என்று நினைத்து என் வாயையே பார்த்தாள்.

"இதுல கதை எங்கடி இருக்கு?" என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வெரசா நட. பஸ்ஸ விட்டா நாளைக்கும் பேரு இல்ல."