வெரிபீயில் ஒரு கோழிப் பங்கர்

நேற்று, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வெரிபீயின் சூப்பர்மார்க்கெட்டில் முட்டைத் தட்டு துடைத்து வைத்ததுபோல வெறுமையாகக் கிடந்தது. மூலையில் இரண்டே பெட்டிகள். மேலே ஓர் அறிவித்தல்: ஒருவருக்கு ஒரு பெட்டி மட்டும். அதைக் கண்டதும் என் உடம்பு என்னைக் கேட்காமலே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றதை மனைவி வசந்தியின் கையில் திணித்தேன்.

"நீர் அந்தக் கியூவில நில்லும். என்னைத் தெரியாத மாதிரி நில்லும்."

"உங்களைத் தெரியாத மாதிரி நிக்க எனக்குச் சொல்லித்தர வேணுமே?"

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதிலும் எனக்குக் கொலஸ்ட்ரோல்.

சிரிக்காதீர்கள். சண்டைக் காலத்தில் "பாதை பூட்டப் போகுதாம்" என்று யாரோ சந்தியில் சொன்னால் விடிவதற்குள் பருப்பும் மண்ணெண்ணெயும் மறைந்துவிடும் ஊரில் வளர்ந்தவன் நான். இங்கே வந்த முதல் வருடம் வேலையிடத்தில் ஒருவன், குளிர்காலம் வருகிறது, ஆயத்தமாக இரு என்றான். அவன் சொன்னது ஒரு தடித்த ஜக்கெட்டை. எனக்குக் கேட்டதோ பாதை பூட்டுகிற சத்தம். அன்று மாலையே நகரத்தின் மறு அந்தத்தில், எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற ஸ்பிரிங்வேலுக்கு ஓடி, அரிசி மூட்டை, பருப்பு, ஒடியல் மா, கருவாடு, கட்டுக்கட்டாகத் தீப்பெட்டி எல்லாம் வாங்கி வந்தேன். எங்கள் குசினியில் இருந்தது மின்சார அடுப்பு.

குசினி நிரம்பியதும் கருவாடு கராஜுக்குப் போனது. அந்த வாடகை வீட்டின் கராஜில் குகன் குடியிருந்தான். அடைக்கலம் கேட்டுப் படகில் வந்தவன், தற்காலிக விசாக்காரன், மரக்கறி பொதி செய்கிற தொழிற்சாலையில் இரவு வேலை.

"அண்ணை, என்ர உடுப்பெல்லாம் மணக்குது. பஸ்ஸில பக்கத்தில ஒருத்தரும் இருக்கினமில்லை."

"பிறகென்ன, உனக்கு ரெண்டு சீற்!"

வீட்டின் பின்வளவில் குகன் ஐந்து கோழிகள் வைத்திருந்தான். முட்டைக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காலையில் வேலையால் வந்ததும் கைத்தொலைபேசியைக் கோழிகளுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பான். வீடியோவின் மறுமுனையில், கிளிநொச்சியில் இருக்கும் அவன் மகள் அபி. அவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். முட்டையே இடாத வெள்ளைக் கோழிக்கு நான் 'பீஆர்' என்று பெயர் வைத்தேன். பீஆர் என்கிற நிரந்தர வதிவிட உரிமையும் அப்படித்தானே, வரும் வரும் என்பார்கள். பிள்ளைக்கு அர்த்தம் தெரியாது. "அப்பா, பீஆரைக் காட்டு" என்று கத்துவாள்.

"பீஆர் போட்டுதோடா?" என்று நானும் நாளாந்தம் கேட்பேன்.

"இல்லை அண்ணை. இன்னும் பரிசீலனையில இருக்கு."

அப்பா எப்போது வருவார் என்ற கேள்வி வந்துவிடாமல் அந்தக் கோழிகள் இரண்டு பேருக்கும் நடுவில் மேய்ந்துகொண்டிருந்தன.

குளிர் இறங்கியதும் கோழிகள் செத்துப்போகும் என்று குகன் பயந்தான். அவனைவிட நான் பயந்தேன். குண்டுக்குப் பயந்து வளர்ந்த இரண்டு பேர் சேர்ந்தால் என்ன கட்டுவார்கள்? பதுங்குகுழிக்கு அடுக்குவதுபோலக் கூட்டைச் சுற்றி மண்மூட்டை அடுக்கினோம். மேலே தகரம் போட்டோம். ஓட்டை ஒன்று விடாமல் பழைய துணியால் அடைத்தோம்.

வசந்தி எட்டிப் பார்த்தாள். "ஏன், குண்டு போடக் கிபிர் வரப்போகுதே?"

கொஞ்ச நாளில் கோழிகள் தும்மத் தொடங்கின. கதவைத் திறந்தால் எச்சத்தின் காரம் கண்ணைப் பிடுங்கியது. கோழிக்குப் போர்வை அதன் உடம்பிலேயே இருக்கிறது. அதற்கு வேண்டியது ஈரமில்லாத காற்று என்று பிறகுதான் வாசித்தேன். துணிகளைப் பிடுங்கி எறிந்தோம். தும்மல் நின்றது. மண்மூட்டைகளை அகற்றுவதற்குள் வீட்டைப் பார்வையிட வாடகை ஏஜென்ட் வந்துவிட்டான். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். இது என்ன, பங்கரா என்று சிரித்தான். நான் ஓம் என்றேன். பகிடிக்காரனுக்கு வாய்தானே சனியன்.

உரிமையாளரின் அனுமதியில்லாமல் கோழி வைக்கக்கூடாது, உடனே அகற்று என்று அறிவித்தல் வந்தது. நான் துள்ளினேன். "விடமாட்டன். எங்க போய் முறையிடுறதெண்டு எனக்குத் தெரியும்."

"அண்ணை, கதைக்காதேங்கோ. ஏதும் பிரச்சினை எண்டு பதிஞ்சா விசாவில விழும்."

"கோழிக்கும் விசாவுக்கும் என்னடா சம்பந்தம்?"

"எனக்குத் தெரியாது. கேட்டா அவங்களுக்கும் தெரியாது. அதுதான் பயம்."

இன்றைக்கும் என் வயிறு எரிவது இதற்குத்தான். கடலைக் கடந்து வந்த ஒருவனை, ஐந்து கோழிக்காகக்கூட வாய் திறக்க முடியாதபடி வைத்திருக்கிறது ஒரு நாடு. அடிக்கத் தேவையில்லை, மறியலில் போடத் தேவையில்லை. பதில் சொல்லாமல் இருந்தால் போதும்.

குகன் கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மாவிடம் வேலிக்கு மேலால் கொடுத்தான். அவரது வீடு அவருக்கே சொந்தம். அனுமதி கேட்க ஆளில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் குற்றமாக நின்றது அந்தப் பக்கம் போனதும் வெறும் கோழியாகிவிட்டது. அவர் நல்ல மனுஷி. அடுத்த கிழமையே முட்டைகள் நீட்டினார். தன் கோழியின் முட்டையை இரண்டு கையாலும் வாங்கி, அதற்கு நன்றியும் சொன்னான் குகன். நான் உள்ளே போய் அரிசி மூட்டைக்கு உதைந்தேன். பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

கராஜுக்குள் இருந்து அவன் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "குளிரம்மா. கோழியள் உள்ளுக்க நிக்குதுகள்."

அந்தக் குளிர்காலம் முடிந்தும் கோழிகள் 'உள்ளுக்குள்ளேயே' நின்றன. பிள்ளை கேட்பதை விட்டுவிட்டாள். இப்போது அந்த வீடும் இல்லை, இத்தாலிய அம்மாவும் இல்லை. இரண்டு வளவையும் ஒன்றாக்கி, சுவரோடு சுவர் ஒட்டிய மாடிவீடுகள் கட்டிவிட்டார்கள். குகன் வடக்கே ஒரு தோட்ட ஊரில் பழம் பறிக்கிறான். விசா நீண்டு நீண்டு இன்னும் தற்காலிகம்தான்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு அழைத்து முட்டைக் கூத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். அபி இப்போது உயர்தர வகுப்புப் படிக்கிறாளாம்.

"முந்தி என்னை நீ எண்டுதான் கதைப்பாள். இப்ப நீங்கள் எண்டுறாள். ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை, தானா மாறிட்டுது" என்றான். பிறகு சொன்னான்:

"நல்ல மரியாதையான பிள்ளை எண்டு சனம் சொல்லுது, அண்ணை."