ஃபேனைக் கம்மி பண்ணு

எங்கள் ஷெட்டில் ஸ்பேனர் என் வீட்டுக்காரர் கையில், லேப்டாப் என் கையில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத் திரும்புகிற சாலையில், லாரிகளுக்குக் காற்றுப் பிடிக்கிற கடைக்கு அடுத்து இருக்கிறது எங்கள் ஷெட். ஷெட்டுக்கு வருவதற்கு முன் ஏழு வருஷம் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் மெஷினில் நின்றேன். காண்ட்ராக்ட் முடிந்தது என்று ஒருநாள் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஷெட்டுக்கு வந்து, காரில் இருக்கிற கம்ப்யூட்டரை லேப்டாப்போடு இணைத்து அதன் செட்டிங்கை மாற்றுகிற வேலையைக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டதுகூடப் பெரிய பாடு இல்லை. வண்டிக்காரர்களை நம்ப வைப்பதுதான் பாடு. நான் லேப்டாப்பைத் திறந்தாலே "அண்ணன் இல்லியாம்மா?" என்பார்கள். அண்ணன் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினால்தான் அவர்களுக்கு நிம்மதி. அந்தத் திரையில் எது எங்கே இருக்கிறது என்பதே அண்ணனுக்குத் தெரியாது. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்படி இருந்தபோதுதான் அந்த நீல நிற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாக இருக்கும். எங்கள் சாலையில் இருக்கிற பள்ளத்துக்கு அதை ஓட்டுவதே ஒரு வித்தை. வண்டிக்காரர் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். ஹைவேயில் அம்பு மாதிரி போகிற வண்டி, நெரிசலில் ஊர்ந்தால் சூடாகிவிடுகிறது என்றார். நான் பார்த்துவிட்டுச் சொன்னேன். முன்னால் ரேடியேட்டருக்குப் பின்னே இரண்டு ஃபேன் இருக்கிறது. நூற்று நான்கு டிகிரி வந்தால்தான் முதல் ஃபேனே சுற்றும், நூற்றுப்பத்தில்தான் அடுத்தது. குளிர் தேசத்துக்கு வைத்த கணக்கு அது. நம் ஊர் வெயிலில் ஃபேன் எழுந்து வருவதற்குள் இன்ஜின் வெந்துவிடும். அந்த டிகிரியைக் குறைத்துவிட்டால் ஃபேன் சீக்கிரமே சுற்ற ஆரம்பிக்கும், வண்டி குளிர்ச்சியாக ஓடும்.

சார் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடமே கேள்வி கேட்டார், என் பதிலையே கேட்டுக்கொண்டார். "இது நல்லபடியா ஓடிச்சின்னா, என் ஃப்ரெண்ட்ஸ் வண்டி நாலு இருக்குது. எல்லாம் உங்ககிட்டதாம்மா வரும்," என்றார். 'உங்ககிட்ட' என்று என்னைப் பார்த்து ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு நாள் எனக்குத் தூக்கம்கூடச் சரியாக வரவில்லை.

திங்கட்கிழமை வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. சனிக்கிழமை நான் ஆரம்பாக்கத்தில் என் அம்மா வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்காரர் போன் பண்ணினார். சார் வந்து நிற்கிறார், நாளைக்கு ஆடி ஞாயிறு, காலையில் பெரியபாளையத்து அம்மன் கோயிலில் அவர் மனைவிக்குப் பொங்கல் வைக்கிற வேண்டுதல், இந்த வண்டியில்தான் போக வேண்டும் என்கிறார்.

"நீயே போடு. ஒயரு மாட்டி தான் வச்சிருக்கேன்," என்றேன். இந்தப் பக்கம் பாட்டு, கைத்தட்டல், டாம்பரின் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன். "ஃபேன்னு ஒண்ணு இருக்கும் பாரு, அத்த தொற. எல்லாத்துலயும் பன்னெண்டு பன்னெண்டா கம்மி பண்ணு."

"ஃபேன கம்மி பண்ணணுமா?"

"ஆமாயா, கம்மி தான். பண்ணிட்டு சேவ் குடு."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு நான் பாட்டுக்குக் கை தட்டினேன்.

மறுநாள் சர்ச் முடிந்து ஊருக்குத் திரும்பி, நேராக ஷெட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். என் வேலையை நானே ஒரு தரம் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம் என்றுதான். இடது பக்கம் டிகிரி, வலது பக்கம் ஃபேனின் வேகம். இடது பக்கம் நூற்று நான்கும் நூற்றுப்பத்தும் வைத்தது வைத்தபடி இருந்தன. வலது பக்கத்தில்தான் ஒவ்வொரு எண்ணிலும் பன்னிரண்டு குறைந்திருந்தது.

நான் டிகிரியைக் கம்மி பண்ணச் சொன்னேன். அவர் ஃபேனைக் கம்மி பண்ணிவிட்டார். வீட்டில் குளிர்கிறது, ஃபேனைக் கம்மி பண்ணு என்றால் ரெகுலேட்டரைத் திருப்புவோமே, அதே மாதிரி. ஏற்கனவே தாமதமாகச் சுற்றுகிற ஃபேன் இப்போது மெதுவாகவும் சுற்றும். அந்த வண்டி இந்நேரம் ஆடி மாதத்துப் பெரியபாளையக் கூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். இன்ஜினின் மேல்பாகம் அலுமினியம், ஒரு தடவை கொதித்து வளைந்துவிட்டால் வண்டியே போச்சு.

சாருக்குப் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் நாஷ்டா முடித்துவிட்டு ஷெட் வாசலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். திரையைக் காட்டினேன்.

"இன்னாயா பண்ணி வச்சிருக்க?"

"நீ தானே கம்மி பண்ண சொன்ன."

"சூட்ட கம்மி பண்ண சொன்னேன்."

"ஃபேன கம்மி பண்ணணுமான்னு கேட்டேன். ஆமான்ன."

கேட்டார்தான். ஆமாம் என்றேன்தான். அதற்கு மேல் சண்டை போட நேரமில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு பைக்கில் அவர் பின்னால் ஏறினேன். ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோடு வரை நன்றாகத்தான் போனோம். அங்கே மேற்கே திரும்பியதும் டிராக்டரும் மினி லாரியுமாக, வேப்பிலை கட்டி, மேளம் அடித்துக்கொண்டு ஊரே ஊர்ந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் அடித்தேன். ஒவ்வொரு தரமும் மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது.

கோயிலுக்குப் போகிற ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் பைக்கும் நகரவில்லை. ஓரமாகப் போட்டுவிட்டு ஓடினோம். சாலையோரத்தில் அந்த நீல வண்டி, பானட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. சுற்றிலும் கூட்டம். சார் வேட்டியில் வியர்த்து நின்றார். மேளச் சத்தத்தில் போன் அடித்தது அவர் காதில் விழவில்லை போல. உள்ளே பட்டுப்புடவையில் அவர் மனைவி, மடியில் மஞ்சள் கட்டிய பொங்கல் பானை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுதலுக்காக வேப்பிலையால் ஆன வேப்பஞ்சேலை உடுத்திய ஓர் அம்மா, மஞ்சள் தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, திறந்திருந்த பானட்டுக்கு நேராகத் தூக்கிவிட்டார்.

"அம்மா தண்ணி, ஊத்துனா சூடு அடங்கிடும் சார். நவுந்துக்க."

"வேணாம்மா, ஊத்தாத," என்று கத்திக்கொண்டே போய்க் குடத்தின் வாயைப் பிடித்தேன். பாதித் தண்ணீர் என் மேல் கொட்டியது. கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் பட்டால் பாளம் பாளமாக வெடித்துவிடும் என்று அந்த அம்மாவுக்கு விளக்க எனக்கு நேரமில்லை. அம்மனைத் தடுத்துவிட்டேன் என்று கூட்டத்தில் நாலு பேர் முறைத்தார்கள்.

உள்ளே குனிந்து பார்த்தேன். நூற்றுப்பதினாறு. சிவப்புக் கோட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"சார், ஹீட்டர ஃபுல்லா வைங்க."

"ஹீட்டரா?"

"வைங்க சார். இன்ஜின் சூட்ட உள்ள இழுத்துக்கும்."

வைத்தார். ஆடி வெயிலில், அடுப்பு வாயைத் திறந்த மாதிரி அந்த அனல் அவர் மனைவியின் முகத்தில் அடித்தது. பாவம், இறங்கக்கூடத் தோன்றாமல் பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூற்றுப்பதினான்கு. நூற்றுப்பதினொன்று. நூற்றெட்டு வந்ததும் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். இன்ஜின் ஓடும்போது செட்டிங்கை எழுத முடியாது. நிறுத்தினால் உள்ளே தேங்கிய சூடு மறுபடி ஏறும். வேறு வழியில்லை. தரையில் உட்கார்ந்து, ஒயரை மாட்டி, முழங்காலில் லேப்டாப்பை வைத்து, இடது பக்கத்தில் பன்னிரண்டு குறைத்தேன். வலது பக்கத்தில் பன்னிரண்டு கூட்டினேன். எழுதி முடிக்க ஒன்றரை நிமிஷம் ஆகும். நடுவில் ஒயர் நழுவினால் வண்டியின் கம்ப்யூட்டரே செத்துவிடும். யாரோ என் தோளில் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நின்றார். அதையும் சொல்ல வேண்டும்.

முடிந்தது. "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

இரண்டு ஃபேனும் ஒன்றாக எழுந்து இரைந்தன. முள் இறங்கியது. நூற்று நான்கு, நூறு, தொண்ணூற்றாறு. அங்கேயே நின்றது. பத்து நிமிஷம் பார்த்தேன். தண்ணீர் ஒழுகவில்லை, புகை இல்லை, சத்தம் மாறவில்லை. இன்ஜின் பிழைத்துவிட்டது.

சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"இதை யாரு போட்டது?"

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் நின்றார். நேற்று அவர்தான் போட்டார் என்று சாருக்குத் தெரியாது. சார் ஷெட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார், வேலையை நான் முன்னமே முடித்து வைத்ததாக நினைத்திருக்கிறார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வார்த்தை என்னுடையது, விரல் அவருடையது. அவர் வாயைத் திறந்து பாதிப்பழியை ஏற்றால் போதும், மீதியை நான் வாங்கிக்கொள்வேன் என்று காத்திருந்தேன். அவர் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார்," என்றேன். "தப்பு நடந்துபோச்சி."

சார் தலையை ஆட்டினார். பிறகு என்னைத் தாண்டி அவரிடம் பேசினார். "அடுத்து வர்ற வண்டிங்கள நீங்களே பாத்துக் குடுத்துடுங்க."

"சரி சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த 'சரி சார்' எனக்கு நெஞ்சில் குத்தியது. கம்பெனியில் வெளியே அனுப்பியபோதுகூட அப்படி வலிக்கவில்லை. திரும்பி வரும்போது கூட்டு ரோட்டில் பைக்கை நிறுத்தி, "டீ குடிக்கிறியா?" என்றார். வேண்டாம் என்றேன். புடவையில் மஞ்சள் தண்ணீர் காய்ந்து போயிருந்தது.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக லேப்டாப்புக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டேன். இரண்டு நாள் ஷெட்டுக்குப் போகவில்லை. சோறு ஆக்கினேன், துணி துவைத்தேன், அவர் கேட்டதற்குப் பதில் சொன்னேன். மூன்றாம் நாள் சாருடைய நண்பரின் வண்டி வந்தது. வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார்.

"அது தொறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு இன்னா?"

"நீங்களே பாத்துக்கங்கன்னு தானே சொன்னாரு. பாரு."

"பேஜாரு பண்ணாத. வண்டிக்காரரு ஒக்காந்துக்கினு இருக்காரு."

"சாருக்குப் போன் போட்டு, அத்த யாரு போட்டதுன்னு சொல்லு. அப்பால நானே வந்து தொறக்கறேன்."

அவர் முகம் சுருங்கியது. போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கதவைச் சாத்தலாம் என்று எழுந்தபோது, வேலியோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று போனில் பேசுவது தெரிந்தது.

"சார், அன்னிக்கு அத்த போட்டது நான்தான் சார். அவ சொன்னத தப்பா புரிஞ்சிக்கினேன். அவ ஊர்லயே இல்ல... இல்ல சார், எனக்கு அந்த வேலயே தெரியாது சார்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்படி நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினார்.

"சார் ஒங்கிட்ட பேசணுமாம்."